உள்ளதை உள்ளபடி சொல்லும் அணி

இயல்பு நவிற்சி அணி என்று ஒன்று உண்டு. ஒரு பொருளை அதன் இயல்பு மாறாமல், உள்ளதை உள்ளபடி சொல்வது. அஞ்சல் வழியில் எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் அந்தப் பக்கம் வந்தாலே எனக்கு எரிச்சல் வரும். உவமை என்றால் சரி, எழுதியவர் ஒன்றை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க மெனக்கெட்டிருக்கிறார். உருவகம் என்றால் இன்னும் கொஞ்சம் துணிந்திருக்கிறார். ஒன்றுமே செய்யாமல், மாடு நிற்கிறது என்பதை மாடு நிற்கிறது என்று சொன்னதற்கு எதற்கு ஐயா ஒரு பட்டம்? வெறுங்கழுத்தோடு வந்தவளையும் நகை போட்டவர்கள் வரிசையில் நிறுத்திவைத்த மாதிரி இருந்தது. அந்த அணியை மட்டும் விட்டுவிடலாம், தேர்வில் வந்தால் வேறு கேள்வி எழுதிக்கொள்ளலாம் என்று முடிவு செய்து பக்கத்தின் ஓரத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

அதைப் பார்த்துவிட்டு என் கணவர், "இன்னாடி, புக்குக்கே நீ மார்க் போடறியா?" என்றார். அப்போது அவருக்கு உடம்பு நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான் பிறந்தது இரும்பை பக்கத்தில், நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற வீட்டில். வாக்கப்பட்டு வந்தது மரக்காணத்துக்கு, உப்பளத்துக்காரர் வீட்டுக்கு. பஸ் ஏறினால் பொழுதோடு போய்த் திரும்பிவிடலாம். ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரண்டும் வேறு வேறு தேசம். எங்கள் ஊரில் மேகம் கறுத்தால் அம்மா கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்து நிற்பாள். மழை என்ற சொல்லைச் சொல்லும்போதே முகம் மலர்ந்துவிடும். கல்யாணத்துக்கு நாள் குறித்தபோதும் லேசாகத் தூறியது என்று எல்லோரும் அதை நல்ல சகுனமாகச் சொல்லிக்கொண்டார்கள்.

கல்யாணமான முதல் கோடையில் அளத்துக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். பாத்திகளில் உப்பு பூத்து வெள்ளை வெளேரென்று கிடந்தது. என் கணவரும் மாமியாரும் இன்னும் சிலரும் பலகையால் உப்பை வாரி வரப்போரம் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் பக்கம் பார்த்தால் கன்னங்கரேலென்று ஒரு மேகம். எனக்கு ஒரே சந்தோஷம். வெயிலில் இப்படி வேகிறார்களே, கொஞ்சம் குளிரட்டுமே என்று, வரப்பில் நின்றபடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மழை வர்ற மாதிரி இருக்குதுங்க!"

பலகைகள் நின்றுவிட்டன. மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"இன்னா வார்த்த பேசற, அளத்துல நின்னுக்கினு?"

விறுவிறுவென்று வந்து குவியலிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்து என் தலையைச் சுற்றி வாய்க்காலில் எறிந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. செத்த வீட்டில் போய்ச் சிரித்தவளைப் பார்ப்பது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர்தான் சிரித்தார்.

"வுடும்மா. கழனிக்காட்டுப் பொண்ணு. அவங்க ஊர்ல அது நல்ல வார்த்த."

சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னார். உப்புக்குத் தண்ணீர்தான் தாய், மேலிருந்து விழுகிற தண்ணீர்தான் எமன். நல்ல வெயிலில் பாடுபட்டு விளையவைத்ததை ஒரு சாரல் வந்து கரைத்துக்கொண்டு போய்விடும். அதனால் தை மாதம் பாத்தியைக் காலால் மிதித்துத் தரையை இறுக்கத் தொடங்கும் நாளிலிருந்து, கடைசி உப்பை அளத்திலிருந்து ஏற்றுகிற வரைக்கும் அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சொன்னால் கூப்பிட்டதாக ஆகிவிடும். விருந்தாளி என்றுதான் சொல்ல வேண்டும். விருந்தாளி வராப்ல இருக்குது, விருந்தாளி எட்டிப் பாத்துட்டுப் போயிட்டான், இப்படி. டி.வி.யில் வானிலை அறிக்கை வந்தால் மாமியார் சத்தத்தைக் குறைத்துவிடுவார்.

அன்றைக்கு விருந்தாளி வரவில்லை. மாமியார் அதை அந்த ஒரு பிடி உப்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார். அதற்குப் பிறகு நானும் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பிறந்த வீட்டுக்குப் போனால்கூட நாக்கு தயங்கும். அம்மா கேலி செய்வாள்.

எம்.ஏ. சேர்ந்தது பல வருஷம் கழித்து. எனக்கு அளத்து வேலை சரிப்படவில்லை. வெயிலில் உப்பைப் பார்த்தால் தலைவலி வந்து படுத்துவிடுவேன். "நீ படி. எதுனா ஸ்கூல்ல போயி ஒக்காரு. உன்னால இங்க ஒரு மூட்டை ஒதுங்காது" என்று அவர்தான் தள்ளினார். நாடகமும் கவிதையும் என்று ஒரு தாள். கலைச்சொற்கள் நிறைய. அவற்றை எனக்கு நானே சொல்லிப் பார்த்தால் மண்டையில் ஏறாது. யாராவது எதிரே இருக்க வேண்டும். சாயங்காலம் அவர் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் பிடித்துக்கொள்வேன். அவருக்குக் கவிதை மேல் ஒரு பிரியமும் கிடையாது. தற்குறிப்பேற்றம் என்று நான் தொடங்கும்போதே கண் சொக்கிப் போகும். இயற்கையாக நடப்பதன் மேல் கவிஞன் தன் மனதில் இருப்பதை ஏற்றிச் சொல்வது என்று விளக்கினால், "அதான் எங்கம்மா டெய்லி செய்யுதே, காக்கா கத்துனா யாரோ வராங்கன்னு" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்.

மங்கலம் என்ற பகுதி மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது. மங்கலம் இல்லாததை மங்கலமாகச் சொல்வது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிர வை என்பது, செத்தார் என்று சொல்லாமல் இறைவனடி சேர்ந்தார் என்பது. எங்கள் விருந்தாளியும் இந்த வகைதான் என்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இதுக்கெல்லாம் புக்குல பேர் வச்சிருக்கானா? எம்மா, இங்க வாம்மா, நீ புக்குல கீற!"

மாமியார் அடுப்படியிலிருந்து, "புக்குல வந்து இன்னா ஆவப்போவுது, அந்தத் தார்ப்பாய இழுத்துப் போட்டியா?" என்றார்.

நாடகத்தின் ஐந்து சந்திகளும் அவருக்குப் பிடித்தன, அவை விளைச்சலை வைத்துச் சொல்லப்பட்டவை என்பதால். முகம் என்பது உழுத நிலத்தில் விதை விழுந்து முளைக்கத் தொடங்குவது. பிரதிமுகம், முளை நாற்றாவது. கருப்பம், கதிர் கருக்கொள்வது. விளைவு, கதிர் முற்றித் தலை சாய்வது. துய்த்தல், அறுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து உண்பது. கதையும் இப்படித்தான் தொடங்கி வளர்ந்து முடிய வேண்டுமாம். இதை உப்புக்குப் பொருத்திப் பார்த்தோம். பாத்தியை மிதிப்பது முகம். தண்ணீர் கட்டுவது பிரதிமுகம். தண்ணீர் வெயிலில் காய்ந்து கனத்துப் போவது கருப்பம். உப்பு பூப்பது விளைவு.

"துய்த்தல்?" என்றேன்.

"துய்க்கறது லாரிக்காரன்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அந்த வருஷமே அவர் கால் வீங்கியது. இதில் நாங்கள் செய்த தப்பு உப்பளத்துக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அளத்தில் நிற்கிற கால் எப்போதுமே வீங்கித்தான் இருக்கும். தோல் தடித்து, வெடித்து, விரல் இடுக்கில் புண் வந்து, ஒரு காலமும் செருப்பு சரியாகப் பொருந்தாது. வீங்காத கால் என்றால் அவன் வேலைக்கு ஒழுங்காக வருவதில்லை என்று அர்த்தம். கணுக்கால் மறைந்தபோது, உப்புத் தண்ணிக் கால் என்றோம். முழங்கால் வரை ஏறியபோது, இந்த வருஷம் தண்ணி காரம் ஜாஸ்தி என்றார் மாமியார். விளக்கெண்ணெய் தடவினோம். வேறு எந்த ஊரிலாவது இருந்திருந்தால் கால் வீங்கின முதல் வாரமே டாக்டரிடம் போயிருப்பார்கள். முகம் வீங்கின பிறகுதான் நாங்கள் போனோம். முகம் அளத்துத் தண்ணீரில் நிற்பதில்லை அல்லவா.

இரண்டு கிட்னியும் சுருங்கிவிட்டன என்றார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்று விட்டு ஒரு நாள் மிஷினில் படுக்க வேண்டும். தண்ணீர் அளவாகத்தான் குடிக்க வேண்டும், நாளைக்கு ஒரு சின்ன பாட்டிலுக்கு மேல் கூடாது. உப்பு அறவே கூடாது.

உப்பு கூடாது என்று டாக்டரம்மா சொன்னபோது எனக்கு அந்தப் பாழும் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. முரண்நகை. அந்தச் சொல்லை அந்த வாரம்தான் படித்திருந்தேன். நினைப்பதற்கு நேர்மாறாக நடந்து, விதி நம்மைப் பார்த்துச் சிரிப்பது போலத் தோன்றுவது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் டாக்டரம்மாவைப் பார்த்து, "மேடம், நாங்க உப்பு போடறவங்க" என்றார். ஏதோ அதனால் சலுகை கிடைக்கும் என்பது போல. டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. "போடாதீங்க, சமையல்ல சுத்தமா போடாதீங்க" என்றார்.

கிட்னி மாற்றலாம் என்றார்கள். எனக்குப் பரிசோதனை செய்து பார்த்தபோதுதான் சர்க்கரை இருப்பதே தெரிந்தது. மாமியாருக்கு வயதாகிவிட்டது. வேறு யாருமில்லை. அரசாங்க வரிசையில் பதிந்து வைத்தார்கள். அந்த வரிசையில் எங்களுக்கு முன்னால் யார் நிற்கிறார்கள், அது நகர்கிறதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் கேட்பதை நிறுத்திக்கொண்டேன்.

அவர் மிஷினில் படுத்திருக்கிற நேரமெல்லாம் வெளியே கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். படிப்பை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அங்கே வேறு என்ன செய்வது? சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் படத்தையே எவ்வளவு நேரம் பார்ப்பது? புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனேன். வீட்டில் மண்டையில் ஏறாததெல்லாம் அந்தக் கூடத்தில் ஏறியது. ஏறாமலே இருந்திருக்கலாம்.

பக்கத்து பெஞ்சில் கோட்டக்குப்பத்து அக்கா ஒருவர் இருப்பார். அவர் வீட்டுக்காரர் துபாயில் பல வருஷம் டிரைவராக இருந்து, கிட்னி போனதோடு ஊர் திரும்பியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். என் கணவருக்கு அடுத்த மிஷின் அவருக்கு. இரண்டு பேரும் ரத்தம் மிஷினுக்குள் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே சினிமாவும் அரசியலும் பேசுவார்கள். அக்கா என்னிடம் புத்தகத்தைக் காட்டி, "இன்னா படிக்கிறே இவ்ளோ? டாக்டருக்கா?" என்று கேட்டார். கவிதை, நாடகம் என்றேன். "நாடகமா? இங்க நடக்கறது பத்தலையா உனக்கு?" என்றார். அதற்கு மேல் அந்தப் பாடத்துக்கு விமரிசனம் வேண்டியதில்லை.

ஒரு நாள் டாக்டரம்மா என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கிட்னி மட்டுமல்ல, இதயமும் பலவீனமாகிவிட்டது, இனிமேல் வரிசை வந்தாலும் ஆபரேஷன் தாங்காது, இப்படியே எவ்வளவு தூரம் போகிறதோ போகட்டும், அவரிடம் சொல்ல வேண்டாம் என்றார். நான் தலையாட்டினேன். திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன். எந்தப் பக்கம் என்று பார்க்காமல்தான் திறந்தேன். நாடக முரண் என்று இருந்தது. மேடையில் இருக்கும் பாத்திரத்துக்குத் தெரியாத ஒன்று பார்வையாளர்களுக்குத் தெரிந்திருப்பது, இது பார்வையாளர்களுக்குத் தனிச்சுவை அளிக்கிறது. என்ன சுவை? அந்த வரியை எழுதியவர் எதிரே இருந்திருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். பார்வையாளன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போகிறவன். எனக்கு எல்லாமும் தெரிந்து, அதோடு மேடையிலும் ஏறி நிற்க வேண்டியிருந்தது. உள்ளே போனேன். "இன்னா சொல்றாங்க?" என்றார். "பரவால்லையாம், இப்படியே மெய்ன்டெய்ன் பண்ணணுமாம்" என்றேன். நன்றாகத்தான் நடித்தேன். அவர் நம்பினார்.

அதன் பிறகு எனக்குத் தற்குறிப்பேற்றம் பிடித்துக்கொண்டது. நோய் மாதிரி. பஸ் கழுவெளி ஏரி ஓரமாகப் போகும்போது பறவைகள் கும்பலாக எழுந்தால், எதையோ பார்த்து ஓடுகின்றன என்று மனது பதறும். எங்கள் ஸ்டாப்பில் டிரைவர் கொஞ்சம் தள்ளி நிறுத்தினால், இறங்க வேண்டாம் என்கிறான் என்று தோன்றும். காற்றில் கதவு சாத்திக்கொண்டால் போச்சு. புத்தகத்தில் அதைக் கவிஞனின் கற்பனை வளம் என்று பாராட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்து அது பயம். பயந்தவனுக்கு உலகத்தில் எதுவும் சும்மா நடப்பதில்லை. வயிற்றில் பயம் இல்லாமல் வெறும் அழகுக்காக அப்படி எழுத முடியும் என்பதை நான் இன்றைக்கும் நம்பவில்லை.

அளத்தை மாமியார்தான் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டார். என் கணவருக்கு நினைப்பெல்லாம் அங்கேதான். மிஷின் இல்லாத நாளில் வாசலில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரிடம் தண்ணீர் கட்டியாயிற்றா, உப்பு நெருக்கமாக விழுகிறதா என்று விசாரிப்பார். அடுத்த தைக்குப் பாத்தி மிதிக்கப் போய்விடுவேன் என்பார். ஆமாங்க என்பேன். அவருடைய கால் அப்போது குச்சியாக மெலிந்திருந்தது. அளத்துக் கால் என்று யாரும் சொல்ல முடியாத கால். அந்தக் காலைத் தேய்த்துவிடும்போதெல்லாம் எனக்கு அழுகையை அடக்க முடியாமல் போய், எதையோ எடுக்கிற மாதிரி எழுந்து உள்ளே போவேன்.

ஒரு நாள் போனபோது பக்கத்து மிஷினில் வேறு யாரோ படுத்திருந்தார்கள். கோட்டக்குப்பத்து அக்காவும் பெஞ்சில் இல்லை. பாய் எங்கே என்று என் கணவர் நர்ஸிடம் கேட்டார்.

"அவருக்கு ஷிஃப்ட் மாத்திட்டாங்க" என்றாள் அந்தப் பெண், ஊசியைப் பார்த்தபடி.

முன்பும் இருவருக்கு ஷிஃப்ட் மாறியிருந்தது. அந்த வார்டில் அப்படித்தான் சொல்வார்கள். நானும் மங்கலம், ஆஸ்பத்திரி வழக்கு என்று மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன். திரும்பும்போது அவர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கோட்டக்குப்பம் தாண்டியதும் சொன்னார்.

"ஷிஃப்ட்டும் இல்ல ஒண்ணும் இல்ல. பாய் செத்துட்டாருடி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே, நான் மறைத்து வைத்திருப்பதும் தெரிந்துவிட்டதோ என்று. அதற்குள் அவர் ஜன்னல் வழியாகக் கிழக்கே எட்டிப் பார்த்தார்.

"விருந்தாளி வராப்ல இருக்குது. அம்மா தார்ப்பாய் போட்டிருக்குமா? போனப் போடு."

எனக்கு உயிர் வந்தது. சாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர், அந்த வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. இன்னும் அளம் அவருடையதுதான். இன்னும் அதைக் காப்பாற்றுகிறார். தைக்குப் போய்விடுவேன் என்று உள்ளுக்குள் நம்புகிறார். அந்த நம்பிக்கையில் ஒரு பருக்கைகூட நிஜமில்லை என்று தெரிந்த நான், அதை வைத்துக்கொண்டு நாட்களை ஓட்டினேன். ஒவ்வொரு முறை அவர் விருந்தாளி என்று சொல்லும்போதும் எனக்குள் ஏதோ சற்று இறங்கி உட்காரும். எங்கள் வீட்டில் நம்பிக்கைக்கு அந்த ஒரு அடையாளம்தான் மிச்சமிருந்தது.

சித்திரையில் தேர்வு வந்தது. மிஷின் இல்லாத நாளாகப் பார்த்து விழுந்திருந்தது. இயல்பு நவிற்சி அணியைச் சான்றுடன் விளக்குக என்ற கேள்வி இருந்தது. விட்டுவிட்டு நாடக முரணை எழுதினேன். மூன்று பக்கம் எழுதினேன், கண்காணிப்பாளர் வந்து கூடுதல் தாள் கொடுத்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்தத் தாளில் நான் பாஸ். வீட்டுக்கு வந்ததும், "இன்னா, பெருக்கல் போட்ட கேள்வி வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். வாயை இழுத்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி என்று இப்போது தோன்றுகிறது. அதற்கப்புறமும் சிரித்திருக்கலாம், ஞாபகம் இல்லை.

வைகாசியில் ஒரு நாள் மதியம், அளத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்றார். ஆட்டோ பிடித்து, இறங்கி, வரப்பில் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய்க் கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் உட்கார வைத்தேன். நல்ல வெயில். உப்பு அந்த வருஷம் அருமையாக விழுந்திருந்தது. வாரி முடித்து வரிசையாகக் குவித்து வைத்திருந்தார்கள், லாரி மறுநாள் வர வேண்டும். மாமியார் எங்களைப் பார்த்ததும் ஓடிவந்தார். மகன் அளத்துக்கு வந்துவிட்டான் என்று அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. ஒரு பிடி உப்பை எடுத்து மகனைச் சுற்றிப் போட்டார். என் கணவர் குவியல்களை ஒன்று விடாமல் பார்த்தார். பாத்தித் தரையைப் பார்த்தார். தன் காலைப் பார்த்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் வெயில் மங்கியது. கடல் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று மாறிவிட்டது. வேலையாட்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். மாமியார் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு முதல் குவியலுக்கு ஓடினார். நானும் எழுந்தேன். என் கணவர் என் கையைப் பிடித்தார்.

"மழை வருதுடி" என்றார்.

நான் அப்படியே நின்றேன். எத்தனையோ வருஷமாக உப்புக் காலத்தில் அந்த வாயிலிருந்து வராத சொல். சத்தமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. காற்று அந்தப் பக்கமாக அடித்ததால் மாமியாருக்கும் கேட்டுவிட்டது. குனிந்தவர் நிமிர்ந்தார். திரும்பி மகனைப் பார்த்தார். இன்னா வார்த்த பேசற என்று கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்த வேண்டும் என்று மனதார வேண்டினேன். அவர் கத்தவில்லை. கையிலிருந்த தார்ப்பாய் நுனியை விட்டுவிட்டார். காற்று அதை உருட்டிக்கொண்டு போனது. பெற்றவளுக்கு யாரும் அதன் பொருளை விளக்க வேண்டியிருக்கவில்லை.

"மழை நல்லா வருது" என்றார் மறுபடியும். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வேணாம். போதும்."

எனக்குத் தெரிந்த எல்லா வழிகளையும் தேடினேன். சரியாகிவிடும் என்பது இருந்தது. டாக்டரம்மா நல்லாருக்குன்னாங்களே என்பது இருந்தது. ஒன்றைச் சொல்ல வந்து இன்னொன்றைச் சொல்வதற்கு ஒரு புத்தகம் நிறைய பெயர்கள் இருந்தன. ஒன்றுகூட வாயில் வரவில்லை. அப்போதுதான் அந்தப் பெருக்கல் குறி போட்ட பக்கம் எனக்குப் புரிந்தது. உள்ளதை உள்ளபடி சொல்ல ஒரு மனிதன் எவ்வளவு தூரம் வர வேண்டும் என்று அந்தப் பக்கத்தில் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் நான் படித்திருக்க மாட்டேன்.

"ஆமாங்க" என்றேன். "மழை வருது."

முதல் துளிகள் ஓலையில் விழுந்தன. தண்ணீர் கேட்டார். எப்போதும் கொடுக்கிற அந்தச் சின்ன பாட்டிலை எடுக்கப் போனேன். அதில்லை, சொம்பில் குடு என்றார். சொம்பு நிறையக் கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்து, நிறுத்தாமல், தொண்டை ஏறி இறங்கக் குடித்தார். நான் தடுக்கவில்லை. மாமியார் நனைந்தபடி வந்து கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து மகனின் பாதங்களை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் குவியல்களின் முனை மழுங்கியது. பிறகு ஒவ்வொன்றாகச் சரிந்து பாத்தித் தண்ணீரில் கலந்தது. மழை விடுகிற வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை.